நிவாரணக் கச்சேரி நடத்தும்போது பணம் எங்கே கரைகிறது?

கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப் போட்ட பிறகு, நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் பகுதியில் ஒரு நாட்டிய, இசை நிகழ்ச்சி நடத்தினோம். அரங்கு நிறைந்தது. வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். மறுநாள் ஆடிட்டர் நண்பர் வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தோம். வசூலில் பாதிக்கு மேல் மண்டப வாடகை, மைக் செட், பூ, பொன்னாடை, டிபன் என்றே போயிருந்தது. "ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு நேராக அனுப்பியிருந்தால் இதைவிடக் கூடச் சேர்ந்திருக்குமே" என்றார் அவர். யாருக்கும் பேச வாய் வரவில்லை.

அதற்கப்புறமும் இரண்டு முறை நடத்திவிட்டோம். எனவே கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் நாங்களே செய்து பார்த்தவை.

பணம் யாருக்கு என்று முடிவு செய்யாமல் தேதி குறிப்பது

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் பாடகர் யார், எந்த மண்டபம் என்று பேச்சு ஓடும். நோட்டீஸ் அச்சுக்குப் போகிற அன்று "நிதி யாருக்கு என்று போடுவது?" என்று ஒருவர் கேட்பார். "பாதிக்கப்பட்ட மக்களுக்கு என்று போடுப்பா" என்று இன்னொருவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியில்தான் பின்னால் வரும் எல்லாச் சண்டையும் உட்கார்ந்திருக்கிறது.

இந்த வகை நிகழ்ச்சிகளில் பெயர் பெற்றது 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. 1970 நவம்பரில் கிழக்கு பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயல், அடுத்த ஆண்டே போர், லட்சக்கணக்கில் அகதிகள். வங்காளக் குடும்பத்தில் பிறந்த சிதார் கலைஞர் ரவிசங்கர் தன் நண்பர், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்க, சில வாரங்களிலேயே நிகழ்ச்சி உருவானது. ஒரே நாளில் இரண்டு காட்சிகள், சுமார் 40,000 பேர். டிக்கெட்டில் வந்த 2,43,000 டாலருக்கு மேற்பட்ட தொகை அதே மாதம் யூனிசெஃபுக்குப் போய்விட்டது. ஆனால் பெரும்பணம் அதில் இல்லை. பின்னால் வந்த இசைத்தட்டிலும் படத்திலும் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே முறைப்படி அறக்கொடை ஏற்பாடாகப் பதிந்து வைக்காததால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க வரித் துறையின் விசாரணையில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பணம் கைக்கு வருவதற்குள் அகதிகள் ஊர் திரும்பி, பங்களாதேஷ் தனி நாடாகியும் ஆண்டுகள் ஓடிவிட்டன. அவ்வளவு பெரிய வக்கீல்களும் மேனேஜர்களும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

நம் அளவில் செய்யக்கூடியது எளிது. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே பெறுநர் யார் என்று முடிவு செய்து, அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒன்று, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. அல்லது, களத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை. "நாமே நேரில் போய்க் கொடுப்போம்" என்பது மூன்றாவது வழி. கேட்க இனிக்கும். வேன் வாடகை, தங்கும் செலவு, யாருக்குக் கொடுப்பது என்று ஊரில் நடக்கும் இழுபறி எல்லாம் பார்த்தபின் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

யாராவது ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணைப் பிளெக்ஸில் போடுவது அடுத்த தவறு. அவர் நல்லவராகவே இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து அவர் கணக்கில் அவர் சம்பளமும் நம் நிதியும் மகளுடைய கல்லூரிக் கட்டணமும் கலந்து கிடக்கும்போது, அவராலேயே பிரிக்க முடியாது. கியூஆர் கோடு பெறுநர் அமைப்பின் கணக்குக்கே நேராகப் போகட்டும்.

வரிவிலக்கு பற்றி மேடையில் வாய்க்கு வந்தபடி அறிவிப்பதும் உண்டு. டிக்கெட் வாங்கியதற்கு 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது. நிகழ்ச்சியைப் பார்க்கக் கொடுத்த விலை அது, நன்கொடை அல்ல. நன்கொடையாகவே கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, போர்வை போன்ற பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. இவ்வளவையும் கவுண்டரில் உட்காருகிற பிள்ளைகளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்று மாலை பத்துப் பேரோடு வாக்குவாதம் மிச்சம்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயம் இன்னும் நுணுக்கம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று அனுமதி பெற்ற அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அனுமதி உள்ள அமைப்பின் விவரத்தை அனுப்பி விடுங்கள்.

"கலைஞர்கள் இலவசம்" என்ற கணக்கு

கொச்சியில் 2019 நவம்பர் 1 அன்று ஓர் இசை அமைப்பு பெரிய நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. வெள்ள நிவாரணத்துக்காகக் கேரள முதல்வரின் நிதிக்கு என்று அறிவிப்பு. கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை. சில மாதங்கள் கழித்து, நிதிக்குப் பணம் வந்ததா என்று தகவல் அறியும் உரிமையில் கேட்டபோது வரவில்லை என்று தெரிந்து சர்ச்சை வெடித்தது. 2020 பிப்ரவரியில் ஆறு லட்சத்துச் சொச்சம் கட்டினார்கள். அமைப்பாளர்கள் சொன்ன விளக்கம்: டிக்கெட்டில் வந்ததே அவ்வளவுதான், செலவோ இருபது லட்சத்துக்கு மேல். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்த விளக்கமே போதும், தவறு எங்கே இருக்கிறது என்று காட்ட. மேடை பெரிதானால் கூட்டம் பெரிதாகும், கூட்டம் பெரிதானால் நிதி பெரிதாகும் என்று நினைக்கிறோம். பெரிய மேடை முதலில் தன் வயிற்றைத்தான் நிரப்பிக்கொள்கிறது.

நான் இப்போது பிடிவாதமாக இருக்கும் ஒரே விஷயம்: செலவு மொத்தமும் புரவலர்களிடமிருந்து கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் அச்சடிக்க வேண்டும். துணிக்கடைக்காரர் மண்டப வாடகை, மெடிக்கல் ஷாப்காரர் மைக் செட், இன்னொருவர் டிபன் என்று தனித்தனியாக ஏற்றுக்கொள்ளட்டும். அப்போதுதான் "நீங்கள் கொடுக்கும் டிக்கெட் பணம் முழுவதும் அங்கே போகிறது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும். புரவலர் கிடைக்கவில்லையா? நிகழ்ச்சியைச் சுருக்குங்கள்.

சுருக்குவதற்கு நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. ஒரு பாட்டுக் கச்சேரிக்கு வேண்டியது நாலு பேர், ஒரு ஜமக்காளம், நாலு மைக், ஒரு தம்புரா. இதைவிடச் சிக்கனமான மேடைக்கலை உலகத்தில் ரொம்ப இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் பாடிக் கொடுத்தார். 1974இல் அவருக்கு மகசேசே விருது வந்தது பொதுச்சேவைப் பிரிவில். அவர் குரல் நம்மிடம் இல்லைதான். ஆனால் அந்தச் சிக்கனமான கச்சேரி முறை இருக்கிறதே.

நாட்டியம் அப்படியில்லை. நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேர். இரண்டு மூன்று ஒத்திகை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஆட்டோ, சாப்பாடு. மேக்கப் போடுபவர், வாடகை நகை, பூ, விளக்கு. ஆடுகிறவர் இலவசமாக ஆடுகிறார் என்று சொல்லும்போது இந்தப் பட்டியலை யார் தலையில் கட்டுகிறோம்? பெரும்பாலும் அந்த டீச்சர் தலையில். அவரும் வெளியே சொல்ல மாட்டார்.

பக்கவாத்தியக்காரர்கள் விஷயத்தில் நாம் செய்வது தவறு என்பதோடு அநியாயமும்கூட. முன்னால் உட்கார்ந்து பாடுகிறவருக்கு இலவசமாகப் பாடினால் புண்ணியமும் கிடைக்கும், போட்டோவும் வரும். மிருதங்கம் வாசிக்கிறவருக்கு அன்று மாலை ஒரு வருமானம் போகிறது. "நீங்களும் சேவையாக வாசித்துக் கொடுங்கள்" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால் அவர் எப்படி முடியாது என்பார்? தனியாகக் கூப்பிட்டு, சன்மானத் தொகையைச் சொல்லி, கவரைக் கொடுத்துவிடுங்கள். விருப்பமிருந்தால் அவரே உண்டியலில் போடுவார். எங்கள் கடத்துக்காரர் போட்டார், அதுவும் கவர் பிரிக்காமல். அது அவர் முடிவு.

மண்டபத்துக்கு ஒரு யோசனை. சென்னையில் டிசம்பர் சீசனில் நல்ல அரங்கு கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். உரிமையாளரிடம் விஷயத்தைச் சொன்னால் கரண்ட் செலவுக்கே தருபவர்கள் உண்டு. தரை எப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் சிமெண்டுத் தரையிலும் கிரானைட்டிலும் தட்டி ஆடினால் முட்டி போய்விடும்.

அவசரமும் தாமதமும்

2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாற்றில் வெள்ளம் வந்தபோது, அடுத்த வாரமே நிதிக் கச்சேரி வைக்கலாம் என்று உற்சாகமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். டிக்கெட் வாங்க வேண்டிய ரசிகர்களில் பாதிப் பேர் வீட்டில் முழங்கால் தண்ணீர். மார்கழிக் கச்சேரிகளையே நடத்தலாமா கூடாதா என்று பேச்சு நடந்த நேரம் அது.

ஒரு நல்ல நிகழ்ச்சிக்கு ஆறேழு வாரமாவது வேண்டும். அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம், பாய், போர்வை எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே அந்தப் பணத்துக்கு வேறு வேலை பாருங்கள். சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு வலையும் படகும் வேண்டியிருந்தன. கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னைகளுக்குப் பதில் நட்டது காய்க்க ஐந்தாறு ஆண்டு. செய்தித்தாளில் புயல் மறைந்து, ஊரில் மட்டும் அது மிச்சமிருக்கிற காலம்தான் நம் மாதிரி ஆட்களுக்கு ஏற்ற காலம். "புயல் நிவாரணம்" என்று பொதுவாகப் போடாமல் "தென்னங்கன்றும் ஊடுபயிர் விதையும்" என்று போட்டுப் பாருங்கள், டிக்கெட் விற்கிறவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

நிகழ்ச்சி நிரல் என்னும் கூட்டு அவியல்

பதினான்கு நாட்டியப் பள்ளிகளை அழைத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் கொடுத்தோம். பிள்ளைகள் வந்தால் பெற்றோர் வருவார்கள், பெற்றோர் வந்தால் டிக்கெட் விற்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை, விற்றது. ஆனால் தன் பிள்ளை ஆடி முடித்ததும் ஒவ்வொரு குடும்பமாக எழுந்து போனது. எட்டரை மணிக்குப் பிரதானப் பாடகர் மேடையேறியபோது, முன்வரிசையில் நான்கு பேர், பின்னால் மேக்கப் கலைக்காத ஒரு குட்டி ராதை தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லி நான்தான் துண்டுச் சீட்டு அனுப்பினேன். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நாட்டியமும் இசையும் ஒரே மேடையில் என்றால் சின்னச் சின்ன இடைஞ்சல்கள் நிறைய. கச்சேரிக்கு விரித்த ஜமக்காளத்தை எடுத்து, மைக்குகளை ஓரத்துக்கு மாற்றி, சலங்கைச் சத்தமும் ஜதியும் சரியாகக் கேட்கும்படி அமைக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில்தான் கூட்டம் கேண்டீனுக்குப் போய், பாதி திரும்பி வராது. ஒரே ஒரு மாற்றம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் முக்கால் மணி நேர நாட்டியம், அப்புறம் கச்சேரி. புஷ்பாஞ்சலியில் தூவிய பூவிதழை யாராவது பெருக்கித் தள்ள வேண்டும், அடுத்து ஆடுகிற பிள்ளை வழுக்கி விழும். குத்துவிளக்கு எண்ணெயும் அப்படித்தான். விளக்கை மேடைக்குக் கீழே வைத்தால் தீர்ந்தது.

பொன்னாடை, நினைவுப் பரிசு, சிறப்பு விருந்தினர் உரை. இதைப் பற்றி எழுதினால் விரோதம் வரும். மொத்தப் பேச்சு ஏழு நிமிடம், பொன்னாடை கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். ஒருவருக்குப் போட்டு ஒருவருக்கு விட்டால்தான் கோபம். யாருக்கும் இல்லையென்றால் எல்லோருக்கும் நிம்மதி. அதே மாதிரி, விஐபிகளுக்கு என்று கயிறு கட்டி வைத்த இரண்டு வரிசை கடைசிவரை காலியாகக் கிடக்க, காசு கொடுத்தவர்கள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே நன்றாக இல்லை.

துயரத்தை ஆடிக் காட்டுவது

நிதி திரட்டுகிறோம் என்பதால் நிகழ்ச்சியே அழுகையாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. நீலத் துணியை ஆட்டி அலை வருகிற மாதிரிக் காட்டி, பிள்ளைகளை விழ வைத்து, பின்னால் திரையில் நிஜமான சடலங்களின் படம் ஓட்டிய நிகழ்ச்சி ஒன்றை நான் பார்த்தேன். அரங்கில் அந்தக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

பாதிக்கப்பட்டவர்களை மேடையில் ஏற்றி, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் இதே வகைதான். அவர்களில் யாராவது பறை அடிப்பவர், கும்மி ஆடுபவர், நாயனம் வாசிப்பவர் இருந்தால், கலைஞராகக் கூப்பிட்டுச் சன்மானம் கொடுத்து மேடையேற்றுங்கள். அது வேறு விஷயம்.

ராகத் தேர்விலும் கொஞ்சம் கவனம் வேண்டும். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி மழையை வரவழைத்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை. வெள்ள நிவாரண நிகழ்ச்சியில் ஒரு வித்வான் யோசிக்காமல் அந்த ராகத்தை எடுத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து "போதும் சார், வேண்டாம்" என்று ஒரு குரல். அரங்கமே சிரித்தது, அவரும் சிரித்தார். அன்றைக்குத் தப்பித்தோம்.

"தர்ம காரியம்தானே, யார் கேட்பார்கள்?"

சினிமாப் பாட்டு வைத்தால் கூட்டம் வரும். ஆனால் பாடலின் உரிமைக்கு ஓர் அனுமதி, ஒலிப்பதிவை அப்படியே ஓட்டினால் அதற்கு வேறோர் அனுமதி வேண்டும். நல்ல காரியத்துக்கு விலக்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, இப்படி: தொழில்முறை அல்லாத குழு, பணம் வாங்காமல் நடத்த வேண்டும், அல்லது மத நிறுவனத்தின் நலனுக்காக நடத்த வேண்டும். டிக்கெட் போட்டு நடத்தும் வெள்ள நிவாரணம் இரண்டிலும் அடங்காது.

உரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு நிற்கும். 1847இல் மறைந்த தியாகராஜரைத் தாராளமாகப் பாடலாம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசே ஏற்றுக்கொண்டு, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. யாரோ போட்ட சினிமா மெட்டு மட்டும் தனிக்கதை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், கணக்குப்படி 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. டிக்கெட் விலை 500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி கேள்வியும் வரும், ஆடிட்டரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்டியல், பழைய துணி, அப்புறம் மௌனம்

வாசலில் உண்டியல் வைத்தால் பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். அன்று இரவே மூன்று பேர் முன்னால் எண்ணி, தொகையை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். "காலையில் எண்ணலாம்" என்று யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் வதந்திக்கு விதை. டிக்கெட்டுக்கு வரிசை எண்ணும் அடிக்கட்டையும் அவசியம். யார் யாரிடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தோம் என்று ஒரு நோட்டு இல்லாமல், விற்காத டிக்கெட் எது, விற்றுக் காசு வராதது எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

பழைய துணி வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் போன பழைய துணி சாலையோரம் குப்பையாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் இழந்தவர்கள் என்றாலும் அடுத்தவர் போட்டுக் கழித்ததைத் தொட அவர்களுக்கு மனசு வரவில்லை. வாங்கினால் பிரிக்க ஆள், மூட்டை கட்டச் சாக்கு, லாரி வாடகை எல்லாம் நிதியிலிருந்துதான் போகும். வாசலில் ஒரு பையனை நிறுத்தி மரியாதையாகத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவுத் தாள் வெளியே வந்துவிட வேண்டும். எத்தனை டிக்கெட் விற்றது, யார் எந்தச் செலவை ஏற்றார்கள், எவ்வளவு எந்தத் தேதியில் போனது, பெறுநரின் ரசீது எண் என்ன, அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும். மண்டப வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். வசூல் குறைவாக இருந்தால் வெட்கப்பட்டு மறைக்கத் தோன்றும். அந்த மௌனத்தில்தான் கொச்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

போன முறை எங்கள் தாளில் "விற்காத டிக்கெட்: 38" என்று ஒரு வரி இருந்தது. ஒரு பெரியவர் போன் செய்து, அந்த 38ஐப் பார்க்க வேண்டும் என்றார். வாங்க சார் என்றோம். வந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தெட்டு இருந்தது. காபி குடித்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார். செருப்பை மாட்டும்போது, தில்லானாவுக்கு மைக் சரியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.